மகேசனுக்குப் பிடித்த துப்பாக்கி

மகேசனுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை அவன் ஒன்பது தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒரு தடவை, செட்டிகுளம் முகாமில் மூன்று தடவை, கிளிநொச்சியில் ஒன்று, கொழும்பில் ஒன்று, பிறகு விசாவுக்கென்று மூன்று. எந்தக் காகிதத்தைப் புரட்டினாலும் சங்கதி ஒன்றுதான்: வைத்திருக்கவில்லை, சுடவில்லை, பயிற்சி எடுக்கவில்லை, காட்டினால் எது எதுவென்று சொல்லவும் தெரியாது. பரந்தனில் பேக்கரியில் மா குழைத்துக்கொண்டிருந்தவனுக்கு இதெல்லாம் ஏன் தெரியவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரியாது என்பதைத்தான் திரும்பத் திரும்ப நிரூபிக்கச் சொன்னார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு ஆக்லாந்தில் வேலை கிடைத்த இடம் ஒரு கைத்துப்பாக்கிக் கழகம். விதி விளையாடுவதென்றால் இப்படித்தான் விளையாடும்.

வேலையை எடுத்துக் கொடுத்தவர் வின்சென்ற். மவுண்ட் ஆல்பர்ட்டில் பல் வைத்தியர், மன்னார்க்காரர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், சனி தவறாமல் சுடப் போகிறவர். “தம்பி, நீர் ஒண்டையும் தொடத் தேவையில்லை. புல்லு வெட்டுறது, கடதாசி ஒட்டுறது, சுட்ட தோட்டாவின்ர வெறுங்கோதுகளைக் கூட்டி அள்ளுறது. விசாவுக்கும் அவையளே கையெழுத்து வைப்பினம்” என்றார். தொடத் தேவையில்லை என்ற சொல்லில்தான் மகேசன் சம்மதித்தான்.

கழகத்தின் பெயர் மனுக்கா ஓடைக் கைத்துப்பாக்கிக் கழகம். கிளென் ஈடனில் மகேசனின் வாடகை வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடம், மலைப்பக்கமாக. பெயரை நான் சொல்வதால் உங்களுக்குத் தெரிகிறது. வீதியில் போகிறவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் வாசலில் இருந்த பெயர்ப்பலகை நான்கு வருடமாக வெறும் பலகை. பெயருக்கு மேலே ஒரு துப்பாக்கிப் படம் வரையவேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியிருந்தது. எந்தத் துப்பாக்கி என்பதில்தான் தீர்மானம் இல்லை. பொதி கொண்டுவருகிறவர்கள் வழி தெரியாமல் பக்கத்து வீட்டுக் குதிரைத் தொழுவத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

கழகத்தில் தொண்ணூற்று நான்கு பேர். அவர்களில் நாற்பத்தேழு பேர் இரும்புக்காரர். நூறு வருடத்துக்கு மேலாக அதே வடிவில் செய்யப்படும் நைன்ரீன் இலெவன் என்னும் கனத்த துப்பாக்கிதான் துப்பாக்கி, மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்பது அவர்கள் மதம். மீதி நாற்பத்தேழு பேர் பிளாஸ்ரிக்காரர். இலேசான உடம்பு, நிறையக் குண்டு, சேற்றில் விழுந்தாலும் சுடும் என்பது அவர்கள் மந்திரம். இரண்டு கூட்டத்துக்கும் தேநீர் வைக்க இரண்டு கேத்தில். இரும்புக்காரர் கார் நிறுத்துவது ஓடைப் பக்கம், பிளாஸ்ரிக்காரர் மரப் பக்கம். மழை பெய்து ஓடைப் பக்கம் சேறானாலும் இரும்புக்காரர் மரப் பக்கம் வரமாட்டார்கள்.

தலைவர் கிரேம் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர், இரும்பு. உபதலைவர் வாரன் கூரை போடும் கொம்பனி வைத்திருப்பவர், பிளாஸ்ரிக். ஆண்டு விருந்தில் கிரேம் ஆற்றிய உரையை வின்சென்ற் மகேசனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

“ஒரு மனிதன் மதம் மாறலாம். கட்சி மாறலாம். நான் இரண்டு முறை மனைவி மாறியிருக்கிறேன், இருவருமே நல்லவர்கள். ஆனால் உள்ளங்கையில் ஒரு கைப்பிடி பொருந்திய பின் அதை மாற்றுகிறவனை எதற்கும் நம்பமுடியாது.”

இரும்புக்காரர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு வாரன் எழுந்தார்.

“நாங்கள் வெறியர்கள் அல்ல. மற்றவர்களுக்குத் தவறாக நினைக்கும் உரிமை உண்டென்பதை ஏற்றுக்கொள்கிறோம். சனிக்கிழமை காலையில் மட்டும் அந்த உரிமை கிடையாது.”

இதற்கு மற்றப் பாதி எழுந்து நின்றது. மகேசன் இரண்டுக்கும் கைதட்டினான். யாராவது மேடையில் பேசி முடித்தால் கைதட்டிவிடுவது நல்லது என்று சிறுவயதிலேயே பழகியவன் அவன்.

அந்த வருடம் கிளைவ் என்ற கிழவர் இறந்தார். நாற்பது வருட இரும்புக்காரர். அவர் பெயர் பொறித்து உட்கார ஒரு வாங்கு செய்து, இலக்குகள் நிற்கும் மண் மேட்டைப் பார்த்தபடி வைத்தார்கள். மூன்று கிழமை கழித்து அவர் மகள் துப்பாக்கிப் பெட்டகத்தை ஒப்படைத்தபோது உள்ளே ஒரு பிளாஸ்ரிக் துப்பாக்கி இருந்தது. கிரேம் வாங்கில் போய் நெடுநேரம் இருந்தார். மறுநாள் மகேசனிடம் உளியைக் கொடுத்துப் பெயரைச் செதுக்கி எடுக்கச் சொன்னார்கள். சரி, வாரன் கூட்டம் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டதா? இல்லை. ஒளித்து வைத்து நேசித்தவன் தங்களுக்கும் வேண்டாம் என்றார்கள். மகேசன் உளியைத் தட்டி எழுத்து எழுத்தாக எடுத்தான். செத்த மனிதனுக்காவது இவர்கள் மன்னிப்புக் கொடுத்தால் என்ன என்று நினைத்தான்.

அவனையும் கேட்டார்கள். கேட்காமல் விடுவார்களா? வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே கிரேம் தேநீர்க் கோப்பையோடு வந்து, “உனக்குப் பிடித்தது எது?” என்றார்.

“எனக்குத் துப்பாக்கி தெரியாது, சேர்.”

“எல்லோருக்கும் ஒன்று பிடிக்கும்.”

“தெரியாது, சேர்.”

கிரேம் இதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். வாரன் இதைத் தந்திரம் என்று எடுத்துக்கொண்டார். தெரியாது என்பதற்குத் தெரியாது என்றுதான் பொருள் என்று எடுத்துக்கொள்ள அந்த மலைச்சரிவில் ஒருவரும் இல்லை.

மகேசனுக்கு இதில் எதுவும் முக்கியமில்லை. அவனுடைய நிரந்தர வதிவிட விண்ணப்பம் உள்ளே போயிருந்தது. மருத்துவம் சரி, பொலிஸ் சான்று சரி. வேலை கொடுத்தவரின் ஆதரவுக் கடிதம் ஒன்று மட்டும் பாக்கி. அது வந்தால் மூன்று பேரும் இங்கே. வராவிட்டால் செப்டெம்பரோடு வேலை விசா முடிகிறது, மூன்று பேரும் அங்கே. மனைவி தாரிணி முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். மகள் ராகவிக்கு எட்டு வயது, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அங்கே என்பது அவளுக்கு ஒரு வட்ஸ்அப் படம். மகேசனுக்கு அங்கே என்பது, வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று கேள்வி கேட்கிற புலனாய்வுக்காரர்கள். கடைசியாக வந்தவர்கள் திரும்பவும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அவன் மண் மேட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் குந்தியிருந்து கடதாசி இலக்குகளின் ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் கிரேம் சுட்டுக்கொண்டிருந்தார். இரும்பின் சத்தம் மகேசனுக்குத் தெரியும். அடித்தொண்டையில் வருவது. பிளாஸ்ரிக்கின் சத்தம் கொஞ்சம் கிழிந்தது. நான்கு குண்டு போனது. ஐந்தாவது, சத்தமாக வராமல் ஒரு மூச்சாக வந்தது.

மகேசன் எழும்பி ஓடினான். “ஸ்ரொப்! ஸ்ரொப்! ஸ்ரொப்!”

விரல் விசையில் இருந்த கிரேம் நின்றார். துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தார்கள். மருந்து குறைந்த தோட்டா. குண்டு குழாயின் நடுவில் சிக்கிக்கொண்டு நின்றது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழாய் வெடித்திருக்கும், கிரேமின் விரல்களைப் புல்லில் தேடியிருக்க வேண்டும்.

எல்லோரும் குழாயை எட்டிப் பார்த்தார்கள். பிறகு வாரன் வாயைத் திறந்தார்.

“இரும்பு” என்றார்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். மூன்று அமர்வுகள். விரல்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தவறு துப்பாக்கியின் வடிவத்திலா தோட்டாவிலா என்பதுதான் விசாரணை. தோட்டாவை வீட்டில் நிரப்பியது கிரேமே என்பதால் அவருக்கு இரண்டு பதிலும் நஞ்சு. ஆனாலும் அவர் தயங்கவில்லை. “என் கை தவறு செய்யும். வடிவம் தவறு செய்யாது” என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்.

சாட்சி ஒருவன்தான். வின்சென்ற் அவனைத் தன்னுடைய பல் வைத்தியக் கதிரையிலேயே இருத்திப் பாடம் சொன்னார்.

“தம்பி, விசாக் கடிதத்தில கையெழுத்து வைக்கிறது ஆர்?”

“கிரேம், அண்ணை.”

“பிறகென்ன? இரும்பில பிழையில்லை, தோட்டாவிலதான் பிழை எண்டு சொல்லும். உம்மட காதுக்கு எல்லாம் விளங்கினது எண்டு சொல்லும். உண்மைதானே.”

“அண்ணை, எனக்குத் துவக்கு தெரியாதெண்டு எழுதிக் குடுத்திருக்கிறன். பிறகு இதைச் சொல்லலாமோ?”

“இது கிளப்புக்கை கதைக்கிறது, தம்பி. வெளியில போகாது.”

மகேசன் விசாரணையில் நின்றான். எதிர்க் கட்சி வக்கீலைப் போல் வாரன் கேள்வி கேட்டார். மேட்டுக்குப் பின்னால் இருந்தபடி, முகம் காணாமல், ஒரு சத்தத்தை வைத்து எப்படிச் சொன்னாய்?

சொல்ல மகேசனிடம் பதில் இருந்தது. போரில் பங்கர் குழிக்குள் நான்கு மாதம் இருந்தவனுக்குக் காதுதான் கண். எந்தச் சத்தத்துக்குக் குப்புறப் படுப்பது, எந்தச் சத்தத்துக்குக் கஞ்சியைத் தொடர்ந்து துழாவுவது என்று அவன் தம்பிக்கே தெரிந்திருந்தது. தம்பிக்கு அப்போது ஆறு வயது. ஒரு நாள் மட்டும் அந்தப் பிள்ளையின் கணக்குப் பிழைத்தது. இதை இந்த ஊரில் எந்த மொழியில் சொல்வது?

“கேட்டுக் கேட்டுப் பழக்கம்” என்றான்.

வின்சென்ற் மொழிபெயர்த்தார். செயலாளர் குறிப்பேட்டில் எழுதினார்: சாட்சி நெடுங்கால அனுபவம் உள்ளவர்.

“இரும்பில் பிழை இல்லை” என்றும் மகேசன் சொன்னான். கிரேமின் கண் கலங்கியது. கட்டிப்பிடித்தார். மகேசனுக்குக் கடிதம் வந்துவிடும் என்று தெரிந்தது, சந்தோஷத்தில் அவனுக்கும் கண் கலங்கியது. இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக அழுகிறார்கள் என்று கூட்டம் நினைத்தது.

வாரன் சும்மா இருப்பாரா? அடுத்த கிழமை மகேசன் புல்லு வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, “பிளாஸ்ரிக்கின் சத்தம் எப்படி?” என்று கேட்டார். கோபத்தில் இருக்கும் உபதலைவரிடம் வேறு என்ன சொல்வது? “அதுவும் நல்ல தெளிவான சத்தம், சேர்” என்றான். வாரன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஆக, ஒரு கடிதத்துக்குப் பதிலாக இரண்டு கடிதம் போனது. தலைவர் ஒன்று எழுதினார் என்று கேள்விப்பட்டு உபதலைவர் இன்னொன்று எழுதினார். தலைவரின் கடிதம் ஒரு பக்கமாக இருந்தது, உபதலைவர் இரண்டு பக்கம் எழுதினார். அதைக் கேள்விப்பட்டுத் தலைவர் ஒரு பின்னிணைப்பு அனுப்பினார். “தங்கமான கடிதங்கள், தம்பி. நான் வாசிச்சனான்” என்றார் வின்சென்ற். தாரிணி நூறு மீன் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தனுப்பினாள். இரண்டு தட்டில், சண்டை வராமல்.

ஐந்தாம் கிழமை குடிவரவுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. ராகவிதான் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தாள். சொல்லுக்குச் சொல் நிறுத்தி, தெரிந்த தமிழில் சொன்னாள். விண்ணப்பதாரர் தனக்குத் துப்பாக்கி அறிவு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார். ஆனால் அவருடைய வேலைதருநர்கள் பின்வருமாறு எழுதியிருக்கிறார்கள். ‘வாழ்நாள் முழுதும் கைத்துப்பாக்கிகளோடு நெருங்கிப் பழகியவருக்கு மட்டுமே வாய்க்கும் காது.’ இது கிரேம். ‘எந்தப் படையில் இதைக் கற்றார் என்று கேட்டால் பண்போடு புன்னகைக்கிறார்.’ இது வாரன். ‘எங்களில் எவரையும்விட அதிகமாகத் துப்பாக்கியை அறிந்தவர்.’ இது பின்னிணைப்பு. பதினான்கு நாளுக்குள் விளக்கம் தரவும்.

“அப்பா, யூ ஆர் ஃபேமஸ்” என்றாள் ராகவி.

தாரிணி கடிதத்தை வாங்கி மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள். “நல்லது செய்யிறம் எண்டு நினைச்சு எங்களைக் கொன்றுபோட்டினம்” என்றாள்.

மகேசன் வின்சென்றைக் கூட்டிக்கொண்டு கிரேமிடம் ஓடினான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று கெஞ்சினான். கிரேம் பரிவோடு கேட்டார். வாரனையும் கூப்பிட்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைக் கழகத்தில் முதல் முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“உன் துயரம் எங்களுக்குப் புரிகிறது” என்றார் கிரேம். “ஆனால் நீ கேட்பதை யோசித்துப் பார். ஒன்றும் தெரியாதவன் சொன்னதை வைத்து இந்தக் கழகம் ஒரு வடிவத்தின் மானத்தைத் தீர்மானித்தது என்று ஆகிவிடும்.”

“பிளாஸ்ரிக்கைப் பற்றி நீ சொன்னதும் குறிப்பேட்டில் ஏறிவிட்டது” என்றார் வாரன்.

“குறிப்பேட்டைத் திருத்த விசேட பொதுக்கூட்டம் கூட்டவேண்டும். இருபத்தொரு நாள் முன்னறிவித்தல்” என்றார் கிரேம்.

“அவைக்குப் பதினாலு நாளுக்குள்ள வேணுமாம்” என்றான் மகேசன் வின்சென்றைப் பார்த்து.

வின்சென்ற் இதை மொழிபெயர்த்தார். இரண்டு தலைவர்களும் துக்கத்தோடு தலையாட்டினார்கள். விதி விதிதானே.

மகேசன் தன்னுடைய பத்தாவது வாக்குமூலத்தைத் தானே எழுதினான். அதை வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நகரத்தில், நான்காம் மாடியில் ஓர் அறை. அதிகாரி இளம் பெண், நல்ல முகம், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார், தமிழ்நாட்டுக் குரல். மகேசன் எல்லாவற்றையும் சொன்னான். பேக்கரி, பங்கர், தம்பி எல்லாம். பதினேழு வருடத்தில் முதல் முறை முழுதாகச் சொன்னான். அதிகாரியின் கண்கள் ஈரமானதை அவன் கண்டான். ஆறுதலாக இருந்தது. இந்தப் பிள்ளை நம்புகிறாள் என்று நெஞ்சுக்குள் ஏதோ இளகியது.

அப்போது யன்னலுக்கு வெளியே பட் பட் பட் என்று மூன்று வெடி. அதிகாரி துள்ளி எழுந்தாள். பேனா கீழே விழுந்தது. முகம் வெளுத்து மேசைக்குப் பின்னால் குனிந்தாள்.

மகேசனுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ராகவி இடிக்குப் பயந்து வந்து ஒட்டிக்கொள்ளும்போது சொல்கிற அதே குரலில் சொன்னான்.

“பயப்பிடாதேங்கோ பிள்ளை. அது துவக்கில்லை. முன்னுக்குக் கட்டிடம் கட்டுறாங்கள், ஆணி அடிக்கிற மிசின்.”

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். அதிகாரி எட்டிப் பார்த்தாள். எதிர்க் கட்டிடத்தில் ஆணி அடிக்கிற மிசினோடு ஒருவன் நின்றான். அவள் சிரித்தாள், நன்றி சொன்னாள், பேனாவைக் குனிந்து எடுத்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

“அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்கன்னு கேக்கிறாங்க சார்” என்றது தொலைபேசி.

மகேசன் பதில் சொல்வதற்குள்ளேயே அவள் எழுதத் தொடங்கினாள்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டது. காரணம் ஒரே வரி: முரண்பட்ட தகவல்கள்.

புறப்படுகிற அன்று விமானநிலையத்துக்குக் கிரேமும் வாரனும் ஒரே காரில் வந்தார்கள். வின்சென்ற் பின் சீற்றில் இருந்தார். பெட்டிகளைப் பாரம் பார்த்து விமானத்துக்கு அனுப்பிய பிறகுதான் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். பெயர்ப்பலகைப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாம். இரண்டு துப்பாக்கியையும் குறுக்காக வரைவதென்று அத்தனை பேரும் ஒருமனதாகக் கையுயர்த்தினார்களாம். “எங்களை ஒன்றாக்கியவன் நீ” என்றார் கிரேம். அந்தப் பலகையின் சிறு வடிவம் ஒன்றை, நல்ல ரிமு மரத்தில் செதுக்கி, அவன் கையில் கொடுத்தார்கள். இரும்பு ஒரு பக்கம், பிளாஸ்ரிக் ஒரு பக்கம். கீழே ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. ராகவி வாசித்தாள். எங்கள் துப்பாக்கி நிபுணர் மகேசனுக்கு, நன்றியுடன்.

எல்லோரும் கைகொடுத்தார்கள். வின்சென்ற் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர்கள் போய்விட்டார்கள்.

“உதைக் குப்பைக்கை போடுங்கோ” என்றாள் தாரிணி.

மகேசன் குப்பைத்தொட்டியைப் பார்த்தான். மேலே இருந்த கமராவைப் பார்த்தான். இரண்டு துப்பாக்கி செதுக்கிய ஒரு சாமானை விமானநிலையக் குப்பைத்தொட்டிக்குள் போட்டுவிட்டு விறுவிறு என்று நடந்துபோகும் தமிழனை யோசித்துப் பார்த்தான். பலகையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.

“அப்ப கட்டுநாயக்கா எயார்போட்டில கேட்டா என்னெண்டு சொல்லுவியள்?”

“வழமையாச் சொல்லுறதைத்தான்” என்றான் மகேசன். “கைப்பைக்குள்ள பேனை இருக்கோ எண்டு பாரும்.”